நான்கு பக்கத்தில் ஒரு நகர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினோம். கிழக்கு மாகாணத்து ஊர்களைப் பற்றி மாணவர்கள் எடுத்துப் பார்க்கத்தக்க உசாத்துணை நூல் ஒன்றைத் தொகுப்பது எங்கள் நோக்கம். ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் நிறுத்தி, சிற்றூராயின் அரைப் பக்கம், பேரூராயின் இரண்டு பக்கம், திருகோணமலைக்கு மாத்திரம் நான்கு பக்கம் என்று வரையறை செய்துகொண்டோம். திருகோணமலைக் கட்டுரையை உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரிடம் ஒப்படைத்தேன். ஒரு மாதங் கழித்து அவர்கள் என் மேசைமீது கொணர்ந்து வைத்த தாள்கள் 112.

“இவற்றுள் ஒன்றையேனும் நீக்க முடியாது, ஐயா; எல்லாம் முக்கியமானவை” என்றான் அவர்களுள் ஒருவன். தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். அவன் கூற்றிலும் நியாயம் இருந்தது. கோயில் இருந்தது, கோட்டை இருந்தது, துறைமுகம் இருந்தது, இராவணன் இருந்தான், வெந்நீரூற்றுகள் இருந்தன, அந்த நகரில் ஓர் இரவு தங்கிப்போன பெரியோர் பலரும் இருந்தனர். இத்தனையையும் நான்கு பக்கத்துள் அடக்குவது எங்ஙனம்? எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? அந்த வினாக்களுக்கு விடை காண எங்களுக்கு மூன்று மாதங்கள் சென்றன. அவ்வனுபவத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன்.

முதலில், உசாத்துணைக் கட்டுரை என்பது யாது என்பதைத் தெளிந்துகொள்வோம். அது தலபுராணம் அன்று. தலபுராணம் அடியார்க்காக எழுதப்படுவது. அது மேடைப்பேச்சும் அன்று. மேடைப்பேச்சு ஊரவரை மகிழ்விப்பதற்காக நிகழ்வது. உசாத்துணைக் கட்டுரையை நாடி வருபவன் அயலான். அவன் அந்த ஊரைக் கண்டவன் அல்லன். ஏதோ ஒரு வினாவுடன் வருகிறான், அதில் உள்ளதை நம்பி எடுத்துக்கொண்டு செல்கிறான். சரிபார்க்க அவனுக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. ஆகவே அங்கே எழுதுவோன் அயலானின் நம்பிக்கைக்குப் பொறுப்பாளி ஆகின்றான்.

இத்தகைய பணியில் நமக்கு ஒரு முன்னோர் உண்டு. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மலைகளையும் அகரவரிசையில் நிறுத்தி ஆங்கிலத்தில் ஓர் இடவிளக்க அகராதியை 1834 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அகராதியில் ஓர் ஊருக்குரிய இடம் மற்றோர் ஊருக்குரிய இடத்தாற் கட்டுப்படுகிறது. ஆகவே அளவு என்பது அங்கே தொல்லை அன்று; அது நம்மைத் தெரிவு செய்ய வைக்கும் ஆசிரியர்.

தெரிவு செய்வதற்கு நாங்கள் வகுத்துக்கொண்ட முதல் வினா இது: இச்செய்தியை நீக்கிவிட்டால், அந்த நகரை அயலான் வேறாக விளங்கிக்கொள்வானா?

இவ்வினாவுக்கு முன் முதலில் நிலைத்து நின்றது துறைமுகம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலையில் உண்டு. அதன் ஆழமும் காற்றுக்கு மறைவான அமைப்பும் இல்லாதிருந்தால் அந்நகரின் வரலாறு வேறாக இருந்திருக்கும். போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் கொடி பறந்த அக்கோட்டையில் சனவரியில் ஆங்கிலேயர் கொடியும், ஆகத்தில் சுஃப்ரேன் என்னும் தளபதியின் கீழ் வந்த பிரான்சியர் கொடியும் ஏறின. ஒரே ஆண்டில் மூன்று கொடிகள். 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் அங்கே குண்டு வீசின. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். இவையாவும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றினும் ஒரே காரணத்தின் விளைவுகள். அந்தக் காரணத்தை முதலில் எழுதிவிட்டால் மற்றவற்றை ஒரு பந்தியுள் அடக்கிவிடலாம் என்பதை மாணவர் கண்டனர். முப்பது தாள்கள் அன்றே குறைந்தன.

அதே வினாவின் முன் வேறு சில செய்திகள் நிலைக்கவில்லை. பின்னாளில் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்று புகழ்பெற்ற வெலிங்டன் பிரபு, இளம் படைத்தலைவராக இருந்த காலத்தில் திருகோணமலையிற் சில காலம் தங்கியிருந்தார். இதற்கு ஒரு மாணவன் ஐந்து தாள்கள் எழுதியிருந்தான். “அவர் தங்கியதால் நகருக்கு நேர்ந்தது என்ன?” என்று கேட்டேன். சிறிது நேரம் சிந்தித்து, “ஒன்றும் இல்லை, ஐயா” என்றான். அந்த ஐந்து தாள்களும் வெலிங்டனின் வரலாற்றுக்கு உரியவை. திருகோணமலையின் வரலாற்றுக்கு உரியவை அல்ல. பெரியோர் காலடி பட்டதனால் மட்டும் ஊர் பெரிதாகிவிடுவதில்லை.

மாணவனைத் திருத்திய மகிழ்ச்சி எனக்கு நெடுநேரம் நீடிக்கவில்லை. ‘கல்வி’ என்னும் தலைப்பின் கீழ், நான் படித்த பாடசாலையைப் பற்றி நானே ஒரு நீண்ட பந்தி சேர்த்திருந்தேன். அதே மாணவன் அதனைச் சுட்டிக்காட்டி, “ஐயா, இதை நீக்கினால் அயலான் நகரை வேறாக விளங்கிக்கொள்வானா?” என்று பணிவுடன் கேட்டான். அந்தப் பந்தியை நானே கோடிட்டு அடித்தேன். நாம் நேசிப்பது வேறு, நகருக்கு இன்றியமையாதது வேறு என்பதை மாணவனிடமிருந்து அதிபர் கற்றுக்கொண்ட நாள் அது.

இரண்டாவது வினா: இச்செய்தியை எதனைக் கொண்டு காட்டலாம்?

இங்கேதான் ஐதிகங்கள் குறுக்கிட்டன. கோணேசர் மலையின் பிளவை இராவணன் வெட்டு என்கிறோம். கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்கிறோம். குளக்கோட்டன் என்னும் மன்னன் கோயிலைத் திருத்திக் குளமும் கட்டுவித்தான் என்கிறோம். ஒரு சாரார் இவற்றை அப்படியே வரலாறாக எழுதியிருந்தனர். மற்றொரு சாரார் இவை கற்பனை என்று கூறி முழுவதும் நீக்கியிருந்தனர். இரண்டும் பொருத்தம் அன்று என்றே எனக்குப் பட்டது. மலையின் பிளவு இராவணனுடைய வாளால் உண்டானது என்று எழுதினால் அது வரலாறு அன்று. ஆனால் மக்கள் அதனை இராவணன் வெட்டு என்று வழங்குகின்றனர் என்பது மறுக்க முடியாத உண்மை. கன்னியாவுக்குச் சென்று ஈமக்கடன் செய்யும் வழக்கத்தை அந்த ஐதிகம் இன்றி விளக்கவும் முடியாது. ஆகவே ஐதிகத்தை ஐதிகம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். ‘என்பது மரபு’ என்னும் இரண்டு சொற்கள் போதும். அயலானும் ஏமாறமாட்டான், ஊரவரின் மனமும் புண்படாது.

ஐதிகத்தின் மயக்கத்துக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் அதே மலையில் உண்டு. பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்னும் ஆண்டும் பொறித்த கற்றூண் ஒன்று அங்கே நிற்கின்றது. காதலன் கப்பலேறிப் பிரிந்து செல்வதைக் கண்டு அவள் மலையுச்சியிலிருந்து கடலிற் குதித்து மாண்டாள் என்று கதை வழங்குகிறது. உள்ளத்தை உருக்குங் கதைதான். ஆனால் அந்த ஆண்டுக்குப் பின்னரும் அப்பெண் வாழ்ந்திருந்தாள் என்பதை ஒல்லாந்தரின் ஆவணங்கள் காட்டுகின்றன. கல்லில் அந்தக் கதை இல்லை. அதனை எழுதியது மக்களின் கற்பனை. கல்லைக் கண்டவுடன் கதையையும் நம்பிவிடலாகாது என்று மாணவருக்கு எடுத்துரைக்க இதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பெயரும் நம்மை மயக்குவதுண்டு. ‘கோணேசர் கல்வெட்டு’ என்று ஒரு நூல் உண்டு. அப்பெயரைக் கண்ட மாணவி ஒருத்தி, அது கோயிற் சுவரில் வெட்டப்பட்ட சாசனம் என்று எண்ணி அதன் செய்திகளைச் சாசனச் சான்று என்று எழுதிவிட்டாள். அதுவோ கவிராசவரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் நூல். கோயிலின் நடைமுறைகளையும் மரபுகளையும் பாட்டாலும் உரைநடையாலும் கூறுவது. மிகவும் மதிப்புள்ள நூல், ஐயமில்லை. ஆயினும் நூலின் சாட்சி வேறு, கல்லின் சாட்சி வேறு.

ஆண்டுகளிலும் அதே கவனம் வேண்டும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர் என்பது உறுதி. அது நிகழ்ந்தது 1622 இல் என்று சில நூல்களும், 1624 இல் என்று வேறு சில நூல்களும் கூறுகின்றன. மாணவர் இரு கட்சியாய்ப் பிரிந்து வாதாடினர். இரண்டையும் எழுதுங்கள் என்றேன். நூல்கள் முரண்படும் இடத்தை மறைக்காது காட்டுவதும் நேர்மையே.

மூன்றாவது வினா: நகர் எங்கே முடிகிறது?

நிலப்படத்தில் நகர எல்லைக்குக் கோடு உண்டு. வரலாறு அந்தக் கோட்டை அறியாது. கன்னியா நகருக்கு வடமேற்கே உள்ளது. மூதூர் குடாவின் மறுகரையில் உள்ளது. புயலில் பழுதுற்ற தன் கப்பலைச் செப்பனிட வந்த றொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர், 1660 இல் கொட்டியாரக் குடாவில் வைத்தே கண்டி மன்னனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்து, தப்பிச் சென்று, 1681 இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கை வரலாற்றுக்குப் பெருந்துணை. அவரைத் திருகோணமலையிற் சேர்ப்பதா, மூதூரிற் சேர்ப்பதா? நாங்கள் ஒரு விதி செய்தோம். நகரின் வாழ்வோடு நாள்தோறும் தொடர்புடையவை கட்டுரையில் இடம்பெறும். ஏனையவற்றை அவற்றின் ஊரின்கீழ் விரித்துக் கூறி, இங்கே ‘மூதூர் என்பதைக் காண்க’ என்று ஒரு குறிப்பு மட்டும் தருவோம். நொக்சு மூதூருக்குச் சென்றார். கன்னியா எங்களோடு தங்கிற்று.

நான்காவது வினாவே கடினமானது. இதுவரை சொன்ன மூன்றும் தாள்களில் இருப்பனவற்றைப் பற்றியவை. நான்காவதோ தாள்களில் இல்லாததைப் பற்றியது: நாம் யாரை எழுத மறந்தோம்?

தாள்களை மீண்டும் ஒருமுறை இந்த வினாவுடன் படித்தோம். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய பதிகமும், 1950 இல் நிலத்தடியிலிருந்து மீண்ட வெண்கலத் திருவுருவங்களும், 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கடலடியிற் கண்ட கோயிற் சிதைவுகளும், 1963 ஆம் ஆண்டுக் குடமுழுக்கும் விரிவாக இருந்தன. ஆனால் நகருக்கு வடமேற்கே, பெரியகுளத்தை அடுத்துள்ள வெல்கம் விகாரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. “அது எங்களுடையது அன்றே, ஐயா” என்றாள் ஒருத்தி. மறு வாரமே அவர்களை அங்கே அழைத்துச் சென்றேன்.

அந்த விகாரைக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்பது பெயர். தமிழ்மக்கள் அதனை நாதனார் கோயில் என்றும் வழங்கினர். அங்கே பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ச் சாசனங்கள் கிடைத்துள்ளன. பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடையளித்த செய்தியை அவை தமிழிற் கூறுகின்றன. சைவர்களாகிய சோழரின் ஆட்சியில், அவர்களுடைய பெயர் தாங்கிய ஒரு பௌத்தப் பள்ளி. அங்கே தமிழ் எழுத்து. மாணவர் நெடுநேரம் பேசாது நின்றனர். ‘எங்களுடையது அன்று’ என்று சொன்னவள், திரும்பும் வழியில், “நாங்கள் விட்டுவிட்டது எங்களையும் சேர்த்துத்தான், ஐயா” என்றாள்.

நேயர்களே, இது ஏட்டுச் சிக்கல் மட்டும் அன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் நகர் திருகோணமலை. சைவர் திருகோணமலை என்று பாடிய துறையே பாளி நூல்களிற் கோகண்ணம் என்று குறிக்கப்படுகிறது. அங்கே ஒரு கல் யாருடையது என்னும் வினா, நிலம் யாருடையது என்னும் வினாவாக மாறுவதற்கு அதிக நேரம் செல்வதில்லை. இன்று மாணவர் எழுதும் வரி நாளை ஒருவர் கையிற் சான்றாகலாம். ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்ததை எழுதி மற்றவரை விட்டுவிட்டால், அங்கே எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் உண்மையாக இருப்பினும் கட்டுரை பொய்யாகிவிடும். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து மூதூரிலும் கிண்ணியாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம்கள் இன்றி, அந்நகரின் சந்தையையும் கடற்றொழிலையும் விளக்க முடியுமா? ஆகவே அவர்களுக்கும் இடம் ஒதுக்கினோம்.

எங்கள் தமிழிலேயே ஒரு மறதியையும் கண்டோம். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கருதப்படும் ‘மோகனாங்கி’யை 1895 இல் வெளியிட்ட சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையார். பன்னிருவரில் ஒருவரும் அவர் பெயரை அறிந்திருக்கவில்லை. கோட்டையைக் கைப்பற்றிய அந்நியத் தளபதிகளின் பெயர்களையோ எல்லோரும் அறிந்திருந்தனர். பீரங்கியின் ஓசை காதை அடைத்துவிட்டது போலும்.

இறுதியாக ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 திசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலையில் தன் அப்பப்பா இரண்டு தோணிகளையும் வலைகளையும் இழந்து, பின்னர் கடன்பட்டு ஒரு தோணி வாங்கி மீண்டும் கடலுக்குச் சென்றதை ஒரு மாணவி எழுதியிருந்தாள். 112 தாள்களுள் மிகச் சிறந்த எழுத்து அதுவே. அது கட்டுரையில் இடம்பெறவில்லை. ஆழிப்பேரலைக்கு இரண்டு வாக்கியமும், 1983 முதல் 2009 வரையான போரினால் மூவினத்தாரும் அடைந்த உயிரிழப்புக்கும் இடப்பெயர்வுக்கும் ஒரு பந்தியும், அடைமொழிகள் இன்றி, ஆண்டுகளுடன் எழுதினோம். அந்தத் துன்பங்களை எழுதாது விடுவது இயலாது. நகரின் தெருக்களிற் குடியிருப்போரையே அவை மாற்றிவிட்டன.

அன்று மாலை அவள் என் அறைக்கு வந்தாள். “அப்படியானால் என் அப்பப்பா முக்கியமானவர் இல்லையா, ஐயா?” என்று கேட்டாள்.

உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. கட்டுரைக்கு வெளியே நிறுத்தப்படுவது எல்லாம் மதிப்பற்றது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளுமானால், நாங்கள் செய்த வேலை முழுவதும் வீண். மறுநாள் அந்த 112 தாள்களையும் எடுத்து ஒழுங்குபடுத்தி, எழுதியவர் பெயருடன், கேட்டறிந்த நாளையும் குறித்து, ஒரு தொகுதியாகக் கட்டுவித்துப் பாடசாலை நூலகத்தில் வைத்தேன். முதற் தாளாக அவளுடைய தாளை வைத்தேன். “உசாத்துணைக் கட்டுரை ஊரின் வாசல், பிள்ளை, வாசலில் வீடு முழுவதையும் வைக்க முடியாது. உன் அப்பப்பா உள்ளே இருக்கிறார். நாளை இந்த நகரின் பெருவரலாற்றை எழுதுவோன் வந்து தேடும்போது, அவன் முதலிற் காணப்போவது அவரையே” என்றேன். அவள் முழுவதும் சமாதானம் அடைந்தாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வாரம் அப்பப்பாவிடமிருந்து பழைய வலைகளின் பெயர்களையும் அவை எந்தெந்த மீனுக்கு உரியவை என்பதையும் கேட்டெழுதி இரண்டாந் தாளொன்றைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

நேயர்களே, உங்கள் ஊருக்கும் ஒரு நான்கு பக்கம் வேண்டும். அதை எழுதும் பணியை இளைஞரிடம் கொடுங்கள். இதை நீக்கினால் ஊர் வேறாகத் தோன்றுமா, இதற்குச் சான்று யாது, ஊர் எங்கே முடிகிறது, யாரை மறந்தோம் என்னும் நான்கு வினாக்களையும் அவர்களிடம் கொடுங்கள். எழுதி முடிந்தபின் எஞ்சும் தாள்களை மாத்திரம் எறிந்துவிடாதீர்கள்.